பட்டறைப் பதில்கள்: ஃபேன் இல்லாத பெட்டி

போன மாதம் ஒரு பதிலில் போகிற போக்கில் "வியா சிப் போட்ட பெட்டி" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவை. சரி, இந்த முறை வேறு எதையும் தொடவில்லை. பிரிண்டரில் இங்க் காய்ந்துபோனவர்கள் அடுத்த மாதம் வரை பொறுக்கவும்.

*வங்கி ஏலத்தில் எடுத்த பழைய பெட்டி ஒன்றைத் திறந்தேன். உள்ளே கையகல போர்டு. ஃபேனே இல்லை, ஒரு அலுமினியக் கட்டி மட்டும். அதைக் கழற்றினால் சிப் மேல் 'வியா ஈடன்' என்று இருக்கிறது. பிராசஸர் என்றால் இன்டெல், ஏஎம்டி இரண்டுதான் என்று நினைத்திருந்தேன். இது யார் அண்ணாச்சி?*
(மளிகைக் கடைக்காரர், ராஜபாளையம்)

தம்பி, கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னால் "டூப்ளிகேட்டா?" என்று முகத்தைப் பார்ப்பார்கள்.

வியா டெக்னாலஜிஸ் தைவான் கம்பெனி. பிறந்தது மட்டும் அமெரிக்காவில், 1987-ல், கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில். தொடங்கியவர் சென் வென்-சி, முன்பு இன்டெலில் வேலை பார்த்தவர். 1992-ல் ஜாகை தைபேக்கு மாறியது. ஆரம்பத்தில் அவர்கள் பிராசஸர் செய்யவில்லை. பிராசஸருக்கும் மெமரிக்கும் நடுவில் நின்று போக்குவரத்தைக் கவனிக்கிற சிப்செட்தான் தொழில். 1999, 2000 வாக்கில் இன்டெல் "இனிமேல் ராம்பஸ் மெமரிதான்" என்று விலை கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. வியா சாதாரண பிசி133 மெமரிக்கே சிப்செட் கொடுத்தது. அந்த வருடங்களில் என் பட்டறையில் மாட்டிய போர்டுகளில் வியா சிப்செட் கணிசம். வாங்கினவர்களுக்கு அது தெரியாது, நானும் சொன்னதில்லை.

கையில் காசு சேர்ந்ததும் 1999-ல் இரண்டு பிராசஸர் கடைகளை விலைக்கு வாங்கினார்கள். நேஷனல் செமிகண்டக்டரிடமிருந்து சைரிக்ஸ், ஐடிடியிடமிருந்து சென்டார். சைரிக்ஸுக்குப் பெயர் இருந்தது, சென்டாரை வெளியே யாருக்கும் தெரியாது. கடைசியில் நிலைத்தது சென்டார் ஆட்களின் வேலைதான். டெக்சாஸில் ஆஸ்டின் நகரம், சுமார் நூறு பேர், தலைவர் க்ளென் ஹென்றி. ஐபிஎம்மிலும் டெல்லிலும் இருந்துவிட்டு 1995-ல் சென்டாரைத் தொடங்கியவர். வேகத்தில் இன்டெலைத் துரத்த அவர்கள் முயலவே இல்லை. கடிதம் அடிக்க, கணக்குப் போட, இணையம் பார்க்க எவ்வளவு போதுமோ அவ்வளவு. அதைச் சின்னதாக, மலிவாக, சூடாகாமல் செய்வது. சி3 என்று வந்தது அந்தச் சிப். அதிலேயே இன்னும் குறைவாக மின்சாரம் எடுக்கிற, ஃபேன் வேண்டாத வகைக்குத்தான் ஈடன் என்று பெயர்.

2003-ல் ஒரு மனநல மருத்துவர் என்னிடம் வந்தார். ஆலோசனை அறையில் சத்தமே போடாத கம்ப்யூட்டர் வேண்டும், நோயாளி பேசும்போது பின்னால் ஃபேன் உறுமக்கூடாது. சென்னை ரிச்சி தெருவிலிருந்து 533 மெகாஹெர்ட்ஸ் ஈடன் போட்ட, வியாவின் இபியா என்ற சின்ன போர்டு ஒன்றை வரவழைத்து மாட்டினேன். பட்டனை அமுக்கினேன். அவர் இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, "எப்பப்பா ஆன் பண்ணுவே?" என்றார். ஆன் ஆகி இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. விண்டோஸ் வர இன்னும் ஒரு நிமிடம் ஆகும் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.

உங்கள் கையில் இருப்பது அந்த வம்சம். அலுமினியக் கட்டியைத் திரும்ப மாட்டும்போது சூட்டைக் கடத்துகிற பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். அப்படியே வைத்து ஓட்டாதீர்கள். ஃபேன் இல்லை என்றால் சூடே இல்லை என்று அர்த்தம் இல்லை.

*வியா சிப்களுக்குச் சாமுவேல், நெகேமியா என்றெல்லாம் பெயர் என்று படித்தேன். உண்மையா, இல்லை யாரோ வேடிக்கைக்கு எழுதியதா?*
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை)

உண்மைதான் சார். யோசுவா, சாமுவேல், எஸ்றா, நெகேமியா, எஸ்தர், ஏசாயா. வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள், பழைய ஏற்பாட்டில் புத்தகங்கள் வருகிற அதே வரிசை. நடுவில் சிலதை விட்டிருக்கிறார்கள், முன்பின் மாற்றவில்லை. அப்போது கம்பெனியின் தலைவராக இருந்த செர் வாங், அவர் கணவர் சென், இருவருமே தீவிர கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்கள். யோசுவா மட்டும் சைரிக்ஸ்காரர்கள் வரைந்தது, அதைக் கைவிட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் சென்டார்.

*வேகத்தைக் குறைத்தால் வாட் குறையும் என்பது புரிகிறது. அதற்கு மேல் இவர்கள் செய்த வித்தை என்ன?*
(இயற்பியல் ஆசிரியை, கரூர்)

டீச்சர், சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மின்தேக்குத்திறன், வோல்டேஜின் வர்க்கம், அதிர்வெண், மூன்றையும் பெருக்கினால் செலவு. அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் செலவு பாதி. வோல்டேஜைப் பாதியாக்க முடிந்தால் கால்வாசி. இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்தார்கள். சென்டார் கை வைத்தது முதல் உருப்படியில். அசைகிற டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கையையே குறைத்தார்கள்.

எங்கள் தெருமுனையில் இரண்டு டீக்கடை. ஒரு கடையில் மாஸ்டர் வரிசைப்படிதான் போடுவார். முதல் ஆள் பால் கேட்டு, பால் காயவில்லை என்றால் பின்னால் கட்டஞ்சாயா கேட்டவரும் காத்திருக்க வேண்டும். இன்னொரு கடையில் மாஸ்டர் பால் காய்கிற நேரத்தில் பின்னால் நிற்கிற நான்கு பேரை அனுப்பிவிடுவார். ஆனால் யார் முதலில் வந்தது, யார் காசு கொடுத்தது, யாருக்குச் சர்க்கரை இல்லை என்பதையெல்லாம் நினைவில் வைக்கத் தனியாக ஒரு பையன் கல்லாவில் நிற்கிறான். அவனுக்கும் சம்பளம் உண்டு. பெரிய பிராசஸர்களில் ஏகப்பட்ட டிரான்சிஸ்டர் அந்தக் கல்லாப் பையன் வேலைதான் பார்க்கும். சி3-ல் அந்தப் பையனே கிடையாது. வரிசைப்படி ஒரு டீ, அப்புறம் அடுத்த டீ.

விளைவு அளவில் தெரிந்தது. 2001-ல் வந்த எஸ்றா சிப் 52 சதுர மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகம் மாதிரி. அதே காலத்தில் கடைகளில் விற்ற முதல் பென்டியம் 4 217 சதுர மில்லிமீட்டர், ஐம்பது அறுபது வாட் எடுத்தது.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். தசமக் கணக்குப் போடுகிற பகுதி, சிப்பின் பாதி வேகத்தில்தான் ஓடும். படம் பார்த்தால் திக்கும், விளையாட்டு என்றால் மறந்துவிட வேண்டியதுதான். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்கினவர்கள் திட்டினார்கள். திட்டியது நியாயம். 2003-ல் நெகேமியா வந்தபோதுதான் அது முழு வேகத்துக்கு வந்தது.

ஆனால் அதே நெகேமியாவில் ஒன்று செய்தார்கள், அதற்காக எனக்கு அவர்கள் மேல் இன்றும் மரியாதை உண்டு. ரகசியக் குறியீட்டுக்குத் தேவையான ரேண்டம் எண்ணைச் சிப்புக்குள்ளேயே உண்டாக்கினார்கள். அடுத்த வருடமே ஏஇஎஸ் என்ற முறையில் தகவலுக்குப் பூட்டுப் போடும் வேலையையும் சிப்புக்குள் வைத்தார்கள். பேட்லாக் என்று பெயர். இன்டெல் சிப்புக்குள் ஏஇஎஸ் கட்டளைகள் வந்தது 2010-ல், ரேண்டம் எண் 2012-ல்.

*ஒரு சிப் செய்ய இன்னொரு கம்பெனியிடம் அனுமதி வாங்க வேண்டுமா? போட்டியாளரிடமே லைசென்ஸ் வாங்கிப் போட்டி போடுவது எப்படி?*
(இளம் வழக்கறிஞர், மதுரை)

சிப் செய்ய யாரையும் கேட்க வேண்டாம் சார். ஆனால் விண்டோஸும் அதற்காக எழுதின ஆயிரம் மென்பொருளும் அதில் ஓட வேண்டும் என்றால், சிப்புக்கு எக்ஸ்86 என்ற கட்டளை மொழி தெரிந்திருக்க வேண்டும். அந்த மொழி இன்டெலுடையது. அதைச் சுற்றி முள்வேலி மாதிரி காப்புரிமைகள். வேலிக்குள் நுழைய ஒப்பந்தம் வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போகத் தெம்பு வேண்டும்.

வியா இரண்டாவதைத்தான் முதலில் பார்த்தது. 2001-ல் பென்டியம் 4-க்குப் பொருந்துகிற சிப்செட் ஒன்றை அனுமதி இல்லாமல் விற்கிறார்கள் என்று இன்டெல் வழக்குப் போட்டது. அனுமதி எங்களுக்கு உண்டு என்று வியா பதில் வழக்குப் போட்டது. 2003 ஏப்ரலில் சமரசம் ஆனபோது கணக்கெடுத்தால் 11 வழக்குகள், 5 நாடுகள், 27 காப்புரிமைகள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் உங்கள் தொழில்காரர்கள்தான். வியாவுக்குக் கிடைத்தது பத்து வருடப் பரஸ்பர உரிமம், அதாவது 2013 வரை மூச்சு.

அப்புறம் அமெரிக்காவின் வணிகப் போட்டி ஆணையமான எஃப்டிசி 2009 டிசம்பரில் இன்டெல் மேலேயே புகார் கொடுத்தது, பெரிய ஆள் சின்னவர்களை நசுக்குகிறார் என்று. 2010 ஆகஸ்டில் அது முடிந்தபோது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, வியாவின் உரிமத்தை இன்னும் ஐந்து வருடம் நீட்டித்துத் தர இன்டெல் முன்வர வேண்டும் என்பது. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். குத்தகை நிலத்தில் வெள்ளாமை, நிலத்துக்காரரும் அதே பயிரைப் பக்கத்து வயலில் போடுகிறார்.

*வியா அவ்வளவு முன்னாலேயே வந்துவிட்டது என்றால், நெட்புக் என்ற குட்டி மடிக்கணினிகளின் காலத்தில் எல்லாவற்றிலும் இன்டெலின் ஆட்டம் (Atom) சிப்தானே இருந்தது? வியா எங்கே போனது?*
(பொறியியல் மாணவர், திருச்சி)

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் நீளும்.

2001-ல் வியா 17 சென்டிமீட்டருக்கு 17 சென்டிமீட்டர் போர்டு ஒன்றை அறிவித்தது. மினி-ஐடிஎக்ஸ். அதுவரை கம்ப்யூட்டர் என்றால் இடுப்பளவு டப்பா. இந்தப் போர்டை வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் ஆட்கள் விளையாடினார்கள். டோஸ்டருக்குள், கரடி பொம்மைக்குள், பழைய ரேடியோவுக்குள் எல்லாம் கம்ப்யூட்டர் செய்தார்கள். விளையாட்டு ஒரு பக்கம், இன்னொரு பக்கம் வங்கிக் கவுன்ட்டர், கியாஸ்க், தொழிற்சாலை இயந்திரம் என்று உண்மையான சந்தையும் வந்தது. அதில் இன்டெல் பல வருடம் அக்கறையே காட்டவில்லை. சில்லறைக் காசுக்கு யார் குனிவது?

2005-ல் சி7 வந்தது, எஸ்தர். ஐபிஎம் ஆலையில் 90 நானோமீட்டரில் செய்தது (அந்த எண் குறையக் குறைய டிரான்சிஸ்டர் சின்னது). 2 கிகாஹெர்ட்ஸில் 20 வாட். 2007-ல் 500 மெகாஹெர்ட்ஸில் ஒரே ஒரு வாட் எடுக்கிற ஈடனும் வந்தது. அதே 2007 கடைசியில் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் எவரெக்ஸ் என்ற கம்பெனி 199 டாலருக்கு ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் விற்றது. உள்ளே 1.5 கிகாஹெர்ட்ஸ் வியா சி7. 2008 ஏப்ரலில் எச்பி தன் முதல் குட்டி மடிக்கணினியான 2133 மினி-நோட்டை இறக்கியது. உள்ளே வியா சி7-எம். மடிக்கணினியில் எச்பி மாதிரி ஒரு பெரிய வீட்டு வாசலில் வியா கோலம் போட்டது அப்போதுதான். நெட்புக் என்ற பெயரே அப்போது அவ்வளவாகப் புழக்கத்துக்கு வரவில்லை.

கோலம் காயவில்லை. அந்த மார்ச்சிலேயே இன்டெல் ஆட்டம் என்ற பெயரை அறிவித்திருந்தது. ஜூனில் என்270 வந்தது, 2.5 வாட். எச்பியின் அடுத்த மினி இலையுதிர் காலத்திலேயே ஆட்டத்துக்கு மாறிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. அத்தனை வருடம் கல்லாப் பையனை வைத்துத் தொழில் செய்த இன்டெல், ஆட்டத்தில் அவனை நிறுத்திவிட்டது. வரிசைப்படி டீ. அதாவது சென்டார் பத்து வருடமாகச் சொன்ன அதே வழி. அதே 2008 மே மாதம் வியா தன் அடுத்த சிப்பான நானோவை, ஏசாயாவை, வெளியிட்டது. அதில் முதல் முறையாகக் கல்லாப் பையனைச் சேர்த்திருந்தார்கள்! ஒருவர் வீட்டைக் காலி செய்ய, அடுத்தவர் அதே வீட்டுக்குக் குடிவந்த மாதிரி.

நானோ மோசமான சிப் இல்லை. ஒரே கிகாஹெர்ட்ஸில் ஓட்டினால் ஆட்டத்தை முந்தும். ஆனால் 1.6 கிகாஹெர்ட்ஸ் மேசைக் கணினி ஆட்டம் 230 நான்கு வாட், அதே வேக நானோ 17 வாட். காரணம் வடிவமைப்பு மட்டும் இல்லை. இன்டெலுக்குச் சொந்த ஆலை, 45 நானோமீட்டர். வியாவுக்குச் சொந்த ஆலையே கிடையாது. ஃபுஜிட்சுவிடம் 65 நானோமீட்டரில் செய்துவாங்கினார்கள். ஆட்டம் சிப் சுமார் 25 சதுர மில்லிமீட்டர், நானோ 63. சிப்களை வெட்டியெடுக்கிற வட்டத் தகடுக்கு வேஃபர் என்று பெயர், ஒரே அளவு வேஃபரில் இன்டெலுக்கு இரண்டரை மடங்கு சிப் கிடைக்கும். வறுகடலைக்காரர் பொட்டலத்தைச் சின்னதாக மடித்தால் ஒரு படியில் எத்தனை பொட்டலம் கூடும் என்று யோசித்துப் பாருங்கள். சின்னச் சிப் என்பது வியாவின் ஒரே ஆயுதம். அந்த ஆயுதத்தையே எதிராளி இன்னும் கூர்மையாகச் செய்து எடுத்து வந்தால் என்ன செய்வது?

வாட் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் 230-ஐ வைத்து இன்டெல் ஒரு போர்டு விட்டது, டி945ஜிசிஎல்எஃப். பார்த்தால் 17-க்கு 17, வியாவின் மினி-ஐடிஎக்ஸ் அளவேதான். முதல் முறை அதைப் பார்த்தபோது ஃபேன் இருக்கும் இடத்தைப் பிராசஸர் என்று நினைத்துவிட்டேன். இல்லை. நான்கு வாட் பிராசஸர் மேல் வெறும் அலுமினியம். பக்கத்தில் இருந்த பழைய 945 சிப்செட்டுக்குத்தான் ஃபேன், அது 22 வாட். மாப்பிள்ளை சைவம், கூட வந்தவர்கள் ஆட்டையே முழுங்குகிறார்கள். வாங்குகிறவர் பெட்டியில் "4 வாட்" என்பதை மட்டும்தான் படிப்பார். முழு போர்டையும் சேர்த்துப் பார்த்திருந்தால் வியா அவ்வளவு தோற்றுப்போகவில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு பிராசஸரும் தன் பெயரைக் கேட்டால் பன்னிரண்டு எழுத்தில் சொல்லும். இன்டெல் "ஜெனுவின்இன்டெல்" என்று சொல்லும், வியா "சென்டார்ஹால்ஸ்" என்று சொல்லும். வியா சிப்பில் அந்தப் பெயரை மாற்றி எழுத வழி இருந்தது. 2008-ல் சோதனை செய்தவர்கள் ஒரு நானோவை இன்டெல் என்று பொய் சொல்ல வைத்து, அப்போது பிரபலமான பிசிமார்க் 05 சோதனையை ஓட்டினார்கள். மெமரி மதிப்பெண் 47 சதவீதம் ஏறியது. சிப் அதே சிப். பெயரைப் பார்த்து மார்க் போடுகிற வாத்தியார்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை போலிருக்கிறது.

என்னைக் கேட்டால், வியா நானோவைச் செய்ததில் தப்பில்லை, தாமதமாகச் செய்ததுதான் தப்பு. 2006-ல் வந்திருந்தால் எச்பிக்கு இரண்டாவது மடிக்கணினியிலும் ஆள் மாற்றத் தோன்றியிருக்காது. வந்தபோது அதை வைத்துக் கையில் எண்ணக்கூடிய மாடல்கள்தான் வந்தன. சாம்சங்கின் 12 அங்குல என்சி20 அதில் ஒன்று. நூறு பேர் இதைவிட வேகமாகச் செய்திருக்க முடியுமா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

*பழைய வியா சி3 பெட்டியில் லினக்ஸ் போட்டால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று நின்றுவிடுகிறது. மெமரி மாற்றிப் பார்த்தேன், ஹார்ட் டிஸ்க் மாற்றிப் பார்த்தேன்.*
(பாலிடெக்னிக் மாணவர், நாகப்பட்டினம்)

இனி எதையும் மாற்றாதே தம்பி, எதுவும் கெட்டுப்போகவில்லை. பென்டியம் ப்ரோ காலத்தில், 1995-ல், இன்டெல் "சிமூவ்" என்று ஒரு கட்டளையைச் சேர்த்தது. நிபந்தனை சரியாக இருந்தால் மட்டும் ஒரு எண்ணை இடம் மாற்றுகிற கட்டளை. 686 வகை, அதாவது பென்டியம் ப்ரோவும் அதற்குப் பிந்தையதும், என்று தொகுத்த லினக்ஸ் எல்லாம் அது கட்டாயம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. நெகேமியாவுக்கு முந்தைய சி3-களில் அது கிடையாது. சிப் "இந்த வார்த்தை எனக்குத் தெரியாது" என்று நின்றுவிடுகிறது. இதில் வியா பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இன்டெல் கையேட்டிலேயே அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பயன்படுத்து என்றுதான் போட்டிருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

486 அல்லது 586-க்குத் தொகுத்த லினக்ஸ் தேடு. டெபியன் என்ற லினக்ஸ் வகை என்றால் 8-ஆம் பதிப்பு வரை போகலாம், 2017-ல் வந்த 9-லிருந்து வழி இல்லை. பழைய பதிப்பு என்பதால் இணையத்தில் சேர்க்காதே. செய்முறைப் பயிற்சிக்குப் போதும்.

*டிரான்ஸ்மெட்டா என்று ஒரு கம்பெனியும் இதே வேலை செய்ததாமே?*
(பெயர் வேண்டாம், ஈரோடு)

ஆமாம், 2000 ஜனவரியில் குருசோ என்ற சிப்பை மேளதாளத்தோடு இறக்கினார்கள். லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் அங்கேதான் வேலை பார்த்தார். எக்ஸ்86 கட்டளையை மென்பொருளால் மொழிபெயர்த்து ஓட்டுகிற புத்திசாலித்தனமான சரக்கு. கடைசியில் சிப்பில் சம்பாதித்ததைவிட இன்டெல் மேல் போட்ட காப்புரிமை வழக்கில் 2007-ல் வாங்கியது அதிகம் பேசப்பட்டது. நல்ல கதை, ஆனால் என் கடைக்கு அந்தச் சிப் ஒன்றுகூட வந்ததில்லை. வராததைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை.

*வியா இன்னும் இருக்கிறதா?*
(கல்லூரி மாணவி, காரைக்குடி)

இருக்கிறதும்மா. பிராசஸர் வேலை மட்டும் கைமாறிவிட்டது. 2013-ல் ஷாங்காய் மாநகர அரசோடு சேர்ந்து ஷாவ்சின் என்ற கூட்டுக் கம்பெனியைத் தொடங்கினார்கள். சீன அரசு அலுவலகங்களுக்கு வெளிநாட்டுச் சிப்பை நம்பாத கம்ப்யூட்டர் வேண்டும், வியாவிடம் எக்ஸ்86 தெரிந்த கை இருந்தது. அந்தப் பிள்ளை இப்போது அங்கே வளர்கிறது.

ஆஸ்டின் ஆட்கள் 2019-ல் எட்டு கோர், கூடவே செயற்கை நுண்ணறிவுக்கென்று தனிப் பகுதி வைத்த ஒரு சிப்பை அறிவித்தார்கள். அது கடைக்கு வரவில்லை. 2021 நவம்பரில் இன்டெல், சென்டாரின் பொறியாளர்களில் சிலரை வேலைக்கு எடுத்துக்கொள்ள வியாவுக்கு 12.5 கோடி டாலர் கொடுத்தது. சிப்புக்கு இல்லை, கம்பெனிக்கும் இல்லை, ஆட்களுக்கு. இருபது வருடம் எதிரில் நின்றவர்களுக்கு இன்டெல் போட்ட மார்க் அது.

இன்னொரு செய்தி. செர் வாங் 1997-ல் தொடங்கிய இன்னொரு கம்பெனி எச்டிசி. 2008-ல் உலகின் முதல் ஆண்ட்ராய்டு போனைச் செய்தது அவர்கள்தான். வியா நானோவை வெளியிட்ட அதே வருடம். அந்தப் போனுக்குள் இருந்தது குவால்காமின் ஆர்ம் வகைச் சிப், எக்ஸ்86 இல்லை. வியா எக்ஸ்86-ல் வாட் வாட்டாகக் குறைத்துக்கொண்டிருந்தபோது, குறை மின் உலகம் வேறு வாசல் வழியாகப் பக்கத்து அறைக்குள் நுழைந்துவிட்டது.

*அண்ணாச்சி, நான்தான் முதல் கடிதம் எழுதினவன். உங்கள் பதில் வரும்வரை பொறுக்காமல் போனில் கேட்கிறேன். இந்தப் பெட்டியைப் பில் போட வைத்துக்கொள்ளலாமா?*
(அதே மளிகைக் கடைக்காரர்)

வேண்டாம். இன்றைய பில்லிங் மென்பொருளுக்கு அது இழுக்காது, வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது உங்களுக்குத்தான் எரிச்சல் வரும். பில்லுக்கு இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டி வாங்குங்கள். ஆறு வாட், நான்கு கோர், போதும் போதும் என்கிற அளவு. அந்தச் சந்தைக்கு வழி போட்டது யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும், கடைக்காரரிடம் சொல்ல வேண்டாம்.

ஈடன் பெட்டியைத் தூக்கிப்போடவும் வேண்டாம். அடாப்டர் 12 வோல்ட்டா என்று பாருங்கள். எங்கள் பக்கம் 2012-ல் நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன சமயத்தில், என் பட்டறையின் கணக்கு முழுக்க அப்படி ஒரு பெட்டியில்தான் ஓடியது. யுபிஎஸ்ஸில் இருக்குமே, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதில் மொத்தம் 84 வாட்-மணி. பழைய பென்டியம் 4 டவரும் குண்டு மானிட்டரும் அதைக் கால் மணி நேரத்தில் குடித்துவிடும். இந்தப் பெட்டி, சின்ன எல்சிடி சேர்த்து, இரண்டு மணி நேரம் தாங்கியது. எதிர்க்கடைக்காரர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதுவார். நான் டைப் அடிப்பேன்.

அது இப்போதும் பட்டறை மேல் பரணில் இருக்கிறது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்றுக்கு மட்டும் வேலை செய்கிறது, ஏனென்றால் பேரலல் போர்ட் உள்ள பெட்டி கடையில் அது ஒன்றுதான். மேலே பல்லி படுத்திருக்கும். வெதுவெதுப்பாக இருக்கும் போல.